பக்தியும் பரோபகாரமும் பேரின்பமும்: கூரத்தாழ்வான் காட்டிய நெறி

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

எம்பெருமானுடைய உத்ஸவத்தை ஸேவிக்க வரும் அன்பர்களில் வேண்டுதல் ஏதுமின்றி வருபவர் மிகச் சிலரே. மகளுக்கு நல்ல வரன், மகனுக்கு உத்தியோகம், தீராத நோய் தீருதல், வழக்கில் வெற்றி, பிள்ளைப்பேறு என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விண்ணப்பத்தை நெஞ்சில் சுமந்துகொண்டு ஸந்நிதியில் நிற்கின்றனர். விண்ணப்பங்கள் பலவாயினும் அவற்றின் உட்பொருள் ஒன்றே. எல்லாரும் வேண்டுவது ஸுகம். அதில் குற்றமில்லை. துன்புற்றவனும் பொருள் வேண்டுபவனும் தன்னை நாடி வருவதைப் பகவான் கீதையின் ஏழாம் அத்தியாயத்தில் ஏற்றுக்கொண்டு, அவர்களையும் உதாரர்கள் என்றே கொண்டாடுகிறான்.

ஆயினும் இங்கே சிந்திக்க வேண்டியது ஒன்று உண்டு. உலகத்தார் மூன்று பொருள்களை மூன்று தனிப் பேழைகளில் வைத்துப் பூட்டியிருக்கின்றனர். கோயிலில் செய்வது பக்தி. கையில் மிச்சமிருந்தால் செய்வது பரோபகாரம். வீட்டில் அனுபவிப்பது ஸுகம். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பில்லை என்பது போலவே வாழ்க்கை நடைபெறுகிறது. இதனால் மூன்று ஐயங்கள் எழுகின்றன. பிற உயிர்களிடம் இரக்கமில்லாத பக்தி பக்தியாகுமா? பிறருக்காகத் தன்னுடையதைக் கொடுத்துக்கொண்டே இருப்பவன் தன் ஸுகத்தை இழந்து விடுவதில்லையா? பகவானையே நம்பியிருந்தவனுக்கும் துன்பம் வருகிறதே, அந்த நம்பிக்கையால் விளைந்த பயன் யாது? இம்மூன்று ஐயங்களுக்கும் நம் பூர்வாசாரியர்கள் நூல்களாலும், நூல்களைக் காட்டிலும் தெளிவாகத் தங்கள் வாழ்க்கையாலும் விடை அருளிச் சென்றுள்ளனர்.

அர்ச்சையும் அடியாரும்

ஸ்ரீமத் பாகவதத்தின் மூன்றாம் ஸ்கந்தத்தில் கபில பகவான் தம் தாயாகிய தேவஹூதிக்குப் பக்தியின் வகைகளை உபதேசிக்கிறார். அங்கே அவர் கூறுவதன் கருத்து மிகக் கடுமையானது. ஸகல பூதங்களுக்குள்ளும் அந்தர்யாமியாய் எழுந்தருளியிருக்கும் தன்னை அவமதித்து விட்டு, விக்ரகத்தில் மட்டும் பூஜை செய்பவனுடைய செயல் சாம்பலில் செய்த ஹோமத்துக்கு ஒப்பாகும் என்கிறார். நெருப்பில் சொரிந்த நெய் தேவதைகளைச் சேரும். சாம்பலில் சொரிந்த நெய் யாரையும் சேராது. நெய் வீணாவதோடு, ஹோமம் செய்து விட்டோம் என்ற மயக்கமும் மிஞ்சும்.

இவ்வுபதேசத்தைக் கொண்டு அர்ச்சாராதனம் வேண்டா என்று கூறுவது பொருந்தாது. எல்லா உயிர்களிலும் உறையும் ஈசுவரனைத் தன் நெஞ்சில் உணரும் வரையில் அர்ச்சையில் ஆராதிக்க வேண்டும் என்று அதே இடத்தில் கபிலரே விதிக்கிறார். ஆகவே ஸந்நிதி என்பது கண்ணைப் பழக்கும் இடம். கருவறையில் சிலையாய் நிற்பவனைப் பகவானாகக் காணப் பழகிய கண், வெளியே வந்தபின் பசித்து நிற்பவனுக்குள்ளும் அவனையே காண வேண்டும். உள்ளே கண்டது வெளியே மறந்து போகுமாயின், பயிற்சி இன்னும் நிறைவு பெறவில்லை என்பதே பொருள். முதல் ஐயத்துக்கு விடை இது.

ஸுகம் என்பது யாது?

இரண்டாம் ஐயம் ஸுகத்தைப் பற்றியது. பிறருக்குத் தொண்டு செய்வது துன்பம் என்றும், தன் விருப்பப்படி இருப்பதே இன்பம் என்றும் உலகம் எண்ணுகிறது. பிறர் வசப்பட்டது எல்லாம் துக்கம் என்னும் கருத்து மனுஸ்மிருதியிலேயே காணப்படுகிறது. அவ்வாறாயின், ஜீவாத்மா பகவானுக்கு அடிமை என்றும், அடியார்க்கும் அடிமை என்றும் கூறும் ஸித்தாந்தம் மனிதனைத் துக்கத்தில் தள்ளுவதாகாதோ?

இவ்வினாவை எம்பெருமானார் தாமே எழுப்பி விடை அருளியுள்ளார். திருவேங்கடமுடையான் திருமுன்பே அருளியதாக ஸம்ப்ரதாயம் போற்றும் வேதார்த்த ஸங்க்ரஹத்தின் முடிவுப் பகுதியில் இவ்விசாரம் வருகிறது. அவர் காட்டும் யுக்தி எளியது, ஆழமானது. ஒவ்வொரு பிராணியும் தன்னை எதுவாக நினைக்கிறதோ அதற்கேற்பவே அதன் ஸுகமும் அமைகிறது. தன்னைச் சிங்கமாக நினைப்பதற்கு ஒன்று இன்பம். பன்றியாக நினைப்பதற்கு மற்றொன்று இன்பம். மனிதனுக்கும் தேவனுக்கும் வேறு வேறு இன்பம். ஒன்றுக்கு இன்பமானது மற்றொன்றுக்குத் துன்பமாகவும் இருக்கிறது. ஆகையால் இன்ப துன்பங்கள் பொருளில் இல்லை. தன்னைப் பற்றிய எண்ணத்தில் இருக்கின்றன. உடலே தான் என்று நினைப்பவனுக்கு, உடலுக்கு வந்து சேர்வது லாபம், உடலிலிருந்து போவது நஷ்டம். அவனுக்குத் தொண்டு துன்பமே. தான் பகவானுக்குச் சேஷப்பட்ட ஆத்மா என்று உணர்ந்தவனுக்கோ, சேஷிக்கு உகந்ததைச் செய்வதே தன் இயல்பு. இயல்போடு ஒட்டிய செயலில் துன்பம் ஏது? மீனுக்கு நீரில் இருப்பது சிறைவாசம் ஆகுமா?

தகுதியற்றவனுக்கு அடிமைப்படுவதே துக்கம் என்பதையும், எல்லார்க்கும் தகுதியான சேஷி ஒருவனே என்பதையும் எம்பெருமானார் அங்கே தெளிவுபடுத்துகிறார். அந்த ஒருவனுடைய உடைமையே உலகம் என்று கண்டபின், உலகத்தாருக்குச் செய்யும் உதவி மனிதருக்குப் பட்ட அடிமையாவதில்லை. அவனுக்குச் செய்யும் கைங்கர்யமாகி விடுகிறது.

தாகம் தீர்ந்த அரசன்

இந்த ஸித்தாந்தத்தை ஒரு சரித்திரத்தில் காண விரும்புவோர் ஸ்ரீமத் பாகவதத்தின் ஒன்பதாம் ஸ்கந்தம், 21ஆம் அத்தியாயத்தில் வரும் ரந்திதேவனைக் காணலாம். பரதன் வம்சத்தில் ஸங்க்ருதியின் குமாரனாகிய அவ்வரசன், கிடைத்ததையெல்லாம் கொடுத்து விட்டுக் குடும்பத்தோடு பட்டினி கிடந்தான். நீரும் இன்றி 48 நாட்கள் கழிந்தன. 49ஆம் நாள் காலையில் நெய்யும், பாயசமும், கோதுமையால் ஆன பணியாரமும், நீரும் தானாகவே வந்து வாய்த்தன. பசியால் நடுங்கும் உடலோடு உண்ண அமரும் வேளையில் ஓர் அந்தணன் அதிதியாய் வந்தான். அவனுக்கு ஒரு பங்கு சென்றது. மீதியை வீட்டாருக்குப் பகிர்ந்து உண்ணப் புகுகையில் நான்காம் வருணத்தான் ஒருவன் வந்தான். அவனுக்கும் பங்கு சென்றது. அதன்பின் நாய்கள் சூழ ஒருவன் வந்து, தனக்கும் தன் நாய்களுக்கும் பசி என்றான். மிச்சமிருந்த அன்னம் முழுவதையும் கொடுத்து, அந்த நாய்களையும் அவற்றின் தலைவனையும் அரசன் வணங்கினான்.

எஞ்சியது ஒருவர் குடிப்பதற்கான நீர் மட்டுமே. அதைக் குடிக்கப் போகும் நேரத்தில், ஊரார் ஒதுக்கி வைத்த குலத்தவன் ஒருவன் வந்து, களைத்த குரலில் நீர் கேட்டான். அவனுடைய குரலைக் கேட்டவுடன் அரசனுடைய உள்ளம் உருகியது. தனக்கு அஷ்ட ஸித்திகள் வேண்டா, மோக்ஷமும் வேண்டா, எல்லா உயிர்களுக்குள்ளும் தான் இருந்து அவற்றின் துயரத்தைத் தானே ஏற்க வேண்டும், அதனால் அவை துயரற்றிருக்க வேண்டும் என்று அவன் சங்கல்பித்தான். அந்நீரைக் கொடுத்தவுடன் தன்னுடைய பசியும், தாகமும், சோர்வும், மன வாட்டமும் நீங்கி விட்டன என்று அவனே கூறுவதாகப் பாகவதம் தெரிவிக்கிறது.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று. நீரைக் குடித்தவன் வேறொருவன்; தாகம் தீர்ந்தவனோ ரந்திதேவன். தேவதைகள் பின்னரே காட்சி தந்தனர். வரமும் பின்னரே அளிக்க முன்வந்தனர். அரசனோ அவர்களிடம் எதையும் வேண்டவில்லை. வரத்துக்கு முன்பே அவன் நிறைவு பெற்றிருந்தான்.

கதவின் ஓசை

ரந்திதேவன் புராண காலத்தவன். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, கச்சிக்கு அருகிலுள்ள கூரம் என்னும் ஊரில் வாழ்ந்த ஸ்ரீவத்ஸாங்கர் என்ற கூரத்தாழ்வானுடைய வாழ்க்கை இன்னும் அண்மையில் நின்று போதிக்கிறது. தை மாதத்து ஹஸ்தம் அவருடைய திருநக்ஷத்திரம். 1010ஆம் ஆண்டில் அவதரித்தார் என்பது வழங்கி வரும் கணக்கு. 1017இல் அவதரித்த எம்பெருமானாருக்கு அவர் சீடர், ஆயினும் வயதில் மூத்தவர்.

அவர் பெருஞ்செல்வர். வைகறை தொடங்கி இரவு வரையில் அவருடைய திருமாளிகையில் ஏழைகளுக்கும் வழிப்போக்கர்க்கும் அன்னம் இடப்பட்டு வந்தது. இரவில் மாளிகைக் கதவுகளைச் சாத்தும் ஓசை காஞ்சியில் பேரருளாளன் ஸந்நிதி வரையில் கேட்டதென்றும், அது என்ன ஓசை என்று பெருந்தேவித் தாயார் வினவ, பெருமாள் ஆழ்வானுடைய தான தர்மத்தை எடுத்துரைத்தார் என்றும் குருபரம்பரை கூறும். இச்செய்தி திருக்கச்சி நம்பிகள் வாயிலாக ஆழ்வானுக்கு எட்டியது. வேறொருவராயின் எவ்வளவு பெருமிதம் அடைந்திருப்பார்! ஆழ்வானோ நடுங்கினார். செய்த தர்மத்தைக் காட்டிலும் கதவின் ஓசை பெரிதாகி விட்டதே, திவ்ய தம்பதியரின் ஏகாந்தத்திலும் தன் செல்வத்தின் ஆரவாரம் புகுந்து விட்டதே என்று வெட்கினார். உடைமைகளையெல்லாம் துறந்து, பத்தினியாகிய ஆண்டாளுடன் திருவரங்கத்துக்கு நடந்தே புறப்பட்டார்.

வழியில் காடு. இருள் சூழ்ந்தபோது ஆண்டாள், இங்கே பயம் உண்டோ என்று கேட்டாள். மடியில் கனமிருந்தால் அன்றோ வழியில் பயம், ஏதேனும் வைத்திருக்கிறாயோ என்று ஆழ்வான் கேட்டார். கணவர் உண்பதற்கு வேண்டுமே என்று ஒரு பொன் வட்டிலை மட்டும் அவள் எடுத்து வந்திருந்தாள். ஆழ்வான் அதை வாங்கிக் காட்டில் எறிந்து விட்டார். அதன்பின் பயமில்லை.

பரோபகாரத்துக்குள் ஒளிந்திருக்கும் அஹங்காரத்தை இந்த இரண்டு நிகழ்ச்சிகளும் வெளிப்படுத்துகின்றன. அன்னமிட்டது பக்தியே. ஆனால் இட்டவன் யான் என்ற எண்ணம் கதவைப் போல் ஓசையிடத் தொடங்கினால், அது உதவி பெற்றவனையும் சிறுமைப்படுத்தும். உதவியவனுடைய அமைதியையும் குலைக்கும். கொடுத்தும் மகிழ்ச்சி பெறாத தர்மவான்கள் உலகில் பலர் உளர். கொடுத்த பொருளை விட்டார்கள். கொடுத்தவன் என்ற பெயரை விடவில்லை. அப்பெயரே அவர்கள் மடியில் இருக்கும் பொன் வட்டில்.

அரங்கத்தில் வறுமை

திருவரங்கத்தில் ஆழ்வான் உஞ்சவிருத்தியால் வாழ்ந்தார். ஒரு நாள் பெருமழை, அரிசி கிடைக்கவில்லை. தம்பதிகள் பட்டினியோடு இருந்தனர். இரவில் பெரியபெருமாளுக்கு அரவணை அமுது செய்தருளும் மணியோசை கேட்டபோது, உன் அடியார் பட்டினி கிடக்க நீ அமுது செய்கிறாயோ என்று ஆண்டாள் மனத்தில் எண்ணினாள். சிறிது நேரத்தில் அரவணைப் பிரசாதம் வாத்திய கோஷத்துடன் வாயிலுக்கு வந்தது. மனைவி நினைத்ததை அறிந்த ஆழ்வான், இதற்காகவோ பெருமாளைத் திருவுள்ளம் கலங்கச் செய்தாய் என்று வருந்தி, சிறிதளவே ஏற்றுக்கொண்டார். அந்தப் பிரசாதத்தின் விசேஷத்தால் பராசர பட்டரும், வேதவ்யாஸ பட்டரும் பிறந்தனர் என்று பெரியோர் கூறுவர்.

ஆயிரமாயிரம் பேருக்கு அன்னமிட்ட கை, அரிசிக்காக நீண்டது. ஆனால் கூரத்தில் செல்வராயிருந்தபோது இருந்த ஆழ்வானும், அரங்கத்தில் வறியராயிருந்தபோது இருந்த ஆழ்வானும் ஒருவரே. கொடுக்கும்போது செருக்கில்லாதவருக்குப் பெறும்போது கூச்சமும் இல்லை. உதவி செய்யக் கற்றவர்கள் உதவி பெறவும் கற்க வேண்டும் என்பது இதனால் விளங்குகிறது. இரண்டிலும் கொடுப்பவன் பெருமாள் ஒருவனே.

கண்ணிழந்தவர் வேண்டிய வரம்

மூன்றாம் ஐயமாகிய, நம்பினவனுக்கும் துன்பம் ஏன் என்பதற்கு ஆழ்வானுடைய பிற்கால வாழ்க்கையே விடையாக நிற்கிறது. சோழ அரசன் ஒருவனுடைய சபையிலிருந்து எம்பெருமானாரை அழைத்து வர ஆட்கள் வந்தனர். ஆபத்தை உணர்ந்த ஆழ்வான், ஆசாரியருடைய காஷாயத்தைத் தாம் உடுத்துக்கொண்டு, முதியவரான பெரிய நம்பிகளோடு சபைக்குச் சென்றார். எம்பெருமானார் வெள்ளை உடுத்து மேல்நாட்டை நோக்கி எழுந்தருளினார். சபையில் ஆழ்வான் தம் நம்பிக்கைக்கு மாறாகக் கையெழுத்திட மறுத்தார். அதன் விளைவாக இரு கண்களையும் இழந்தார். பெரிய நம்பிகளும் கண்ணிழந்து, திரும்பும் வழியிலேயே திருநாட்டுக்கு எழுந்தருளினார். அச்சபையில் இருந்து இத்தீங்குக்குக் காரணமானவன் ஆழ்வானிடமே முன்பு பாடம் கேட்ட நாலூரான் என்று குருபரம்பரை கூறுகிறது.

திருவரங்கத்துக்குத் திரும்பிய ஆழ்வானுக்கு இன்னொரு சோதனை காத்திருந்தது. எம்பெருமானார் ஸம்பந்தம் உடையவர்களைக் கோயிலுக்குள் விடலாகாது என்று அரசாணை இருந்தது. வாயிற்காவலர்களில் ஒருவன் தடுத்தான். மற்றொருவனோ, இவர் யாரிடமும் பகையில்லாத நல்லவர், இவரை விடலாம் என்றான். ஆழ்வான் உடனே பின்வாங்கினார். நற்குணம் ஆசாரிய ஸம்பந்தத்துக்கு விரோதியாகுமானால் அந்த நற்குணத்தின் பலன் தமக்கு வேண்டா என்று, பெருமாளை ஸேவிக்காமலே திருமாலிருஞ்சோலைக்குச் சென்று விட்டார். கண்ணில்லாத நிலையில், ஆசாரியர் எங்கிருக்கிறார் என்று அறியாத நிலையில், அங்கே அவர் ஸுந்தரபாஹு ஸ்தவத்தை இயற்றினார். அவருடைய பஞ்ச ஸ்தவங்களில் அதுவும் ஒன்று. கண்ணிழந்தவர் பாடிய நூலில் அழகனுடைய திருமேனி அழகே நிறைந்து நிற்கிறது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து எம்பெருமானார் திரும்பி எழுந்தருளினார். சீடருடைய நிலையைக் கண்டு மனம் கலங்கி, கேட்டதையெல்லாம் அருளும் வரதனிடம் சென்று கண்களை வேண்டுமாறு நியமித்தார். ஆழ்வான் காஞ்சியில் வரதராஜ ஸ்தவத்தை விண்ணப்பித்தார். பெருமாள் உகந்து, வேண்டிய வரத்தைக் கேட்குமாறு அருளினார். ஆழ்வான் வேண்டியது கண்களை அன்று. தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெற வேண்டும் என்று வேண்டினார். பெருமாளும் அவ்வாறே அருளினார். பின்னர்ப் பெருமாளையும் ஆசாரியரையும் காணும் அளவுக்கு மட்டும் ஆழ்வானுக்குப் பார்வை அருளப்பட்டது என்றும் சொல்வதுண்டு.

இது எவ்வாறு ஸாத்தியமாயிற்று? எம்பெருமானாருடைய கீதா பாஷ்யத்தில் இதன் திறவுகோல் உள்ளது. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் பகவான் தனக்கு இனியவனான பக்தனுடைய லக்ஷணங்களைச் சொல்லத் தொடங்கும்போது, முதலில் எந்த உயிரிடமும் வெறுப்பில்லாமையையும், அடுத்து நட்பையும், அதன்பின் கருணையையும் கூறுகிறான். எப்போதும் மகிழ்ந்திருத்தல் அதற்குப் பின்னரே வருகிறது. வெறுப்பில்லாமையை விளக்கும் இடத்தில் எம்பெருமானார், தன்னை வெறுத்துத் தீங்கு செய்பவரையும் இந்த பக்தன் வெறுப்பதில்லை. தன்னுடைய குற்றத்துக்கு ஏற்ப ஈசுவரனால் ஏவப்பட்டே அவர்கள் அவ்வாறு செய்கின்றனர் என்று அவன் நினைக்கிறான் என்று அருளிச் செய்கிறார். பாஷ்யம் சொல்லும் இந்நினைவு ஆழ்வானிடம் உயிரோடு நடமாடியது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். வினைப்பயன் என்னும் இந்நினைவு, தனக்கு வந்த துன்பத்தைப் பொறுப்பதற்காக ஏற்பட்டது. பிறனுடைய துன்பத்தைக் கண்டு, அவன் வினையை அவன் அனுபவிக்கிறான் என்று கூறி விலகிப் போவதற்காக ஏற்பட்டதன்று. தன் துன்பத்துக்குத் தன் வினையைக் காரணமாகக் கொள்வது பொறுமை. பிறன் துன்பத்துக்கு அவன் வினையைக் காரணம் காட்டுவது கொடுமை. ஆழ்வான் தமக்கு வந்ததைப் பொறுத்தார். நாலூரானுக்கு வரவிருந்ததைப் பொறுக்கவில்லை. பாம்பின் வாயில் அகப்பட்ட தவளையின் குரலைக் கேட்டு, இது யாரைக் கூவி அழைக்கிறதோ என்று கலங்கியவர் அவர்.

ஆகவே நம்பிக்கையின் பயன் துன்பமே வாராதிருத்தல் அன்று. துன்பம் வந்தபோதும் நெஞ்சில் வெறுப்புக்கு இடம் கிடைக்காதிருத்தல் அதன் பயன். அரசன் கண்களைக் கொண்டு போனான். வெறுப்பு நுழைந்திருக்குமானால் ஆனந்தத்தையும் அதுவே கொண்டு போயிருக்கும். ஆழ்வான் அதற்கு வாயில் திறக்கவில்லை.

ஆழ்வான் திருநாட்டுக்கு எழுந்தருளும் காலம் நெருங்கியபோது, அவருக்கும் அவருடைய ஸம்பந்தம் பெற்றவர்க்கும் பேறு உண்டு என்று பெரியபெருமாள் அருளினார். அதைக் கேட்ட எம்பெருமானார், தமக்கும் ஆழ்வானுடைய ஸம்பந்தம் உண்டன்றோ என்று தம் காஷாயத்தை ஆகாயத்தில் எறிந்து ஆனந்தப்பட்டார். சீடர் பெற்ற பேற்றால் ஆசாரியருக்கு ஆனந்தம். பகைவன் பெற்ற பேற்றால் சீடருக்கு ஆனந்தம். தன் லாபத்தில் மட்டும் மகிழ்பவனுக்கு ஆண்டில் சில நாட்களே மகிழ்ச்சி. பிறர் நன்மையில் மகிழக் கற்றவனுக்கோ மகிழ்ச்சிக்குக் காரணம் குறைவதே இல்லை.

எளியோர்க்கும் இயல்வது

ஆழ்வான் மஹாபுருஷர், ஸம்ஸாரிகளுக்கு இது கைகூடுமா என்று கேட்கலாம். ஆழ்வானுடைய குமாரர் பராசர பட்டர்; பட்டருடைய சீடர் நஞ்சீயர். ஒருவனுக்கு வைஷ்ணவத்வம் உண்டா இல்லையா என்பதை அவனே அறிந்துகொள்ள நஞ்சீயர் ஒரு பரீக்ஷை காட்டியதாகப் பெரியோர் கூறுவர். பிறருடைய துக்கத்தைக் கண்டபோது நெஞ்சு இரங்குமானால் உண்டு என்று கொள்ளலாம். நன்றாக வேண்டும் என்று தோன்றுமானால் இல்லை என்று கொள்ளலாம். எத்தனை திவ்யதேசங்கள் ஸேவித்தான், எத்தனை பாராயணம் செய்தான் என்பது இப்பரீக்ஷையில் கேட்கப்படவில்லை. பிறருக்கும் இது தெரியாது. இரவில் தனித்திருக்கும்போது அவரவர் நெஞ்சைக் கேட்டு அறிய வேண்டியது.

இரக்கம் செயலாகும்போது எவ்வாறு இருக்க வேண்டும் என்பதைக் கீதையின் பதினேழாம் அத்தியாயம் வகுக்கிறது. திரும்ப உதவ இயலாதவனுக்கு, தகுந்த இடத்தில், தகுந்த காலத்தில், கடமை என்ற நினைவோடு கொடுப்பது ஸாத்விகம். பிரதி உபகாரத்தையோ பலனையோ எதிர்பார்த்து, மனவருத்தத்தோடு கொடுப்பது ராஜஸம். மரியாதையின்றி, இகழ்ந்து கொடுப்பது தாமஸம். ஒரே படி அரிசி மூன்று விதமான தானமாகவும் ஆகக்கூடும். அளவு தானத்தைத் தீர்மானிப்பதில்லை; கொடுப்பவனுடைய முகமே தீர்மானிக்கிறது.

அவ்வாறாயின், மகிழ்ச்சி பெறுவதற்காகவே உதவி செய்யலாமோ என்னும் வினா எஞ்சும். திருமடைப்பள்ளியில் தளிகை செய்யும் கைங்கர்யபரரைக் காணலாம். பெருமாள் அமுது செய்வதற்கு முன் அதன் மணத்தையும் தாம் அனுபவிக்கலாகாது என்று வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு அவர் தளிகை செய்கிறார். ருசி பார்ப்பதில்லை; மணத்தை நாடுவதில்லை. ஆயினும் மாலையில் அவர் இல்லம் திரும்பும்போது, நெய்யும் மிளகும் கலந்த அந்த மணம் அவருடைய வஸ்திரம் முழுவதும் படிந்திருக்கிறது. வாசலில் நிற்கும் குழந்தைகள் அந்த மணத்தைக் கொண்டே இன்று என்ன தளிகை என்று சொல்லி விடுகின்றனர். மணத்துக்காகத் தளிகை செய்தால் அது கைங்கர்யம் ஆகாது. கைங்கர்யமாகச் செய்தால் மணம் தானே வந்து படியும். பரோபகாரத்தில் விளையும் ஸுகமும் அத்தகையது.

உத்ஸவம் தரும் பாடம்

இத்தத்துவத்தைப் பழகிக்கொள்ள உத்ஸவ காலத்தைக் காட்டிலும் ஏற்ற காலம் வேறில்லை. பெருந்திரளாக அடியார் கூடும் இடத்தில் உதவிக்கான வாய்ப்பு அடிதோறும் இருக்கிறது. வெயிலில் வரிசையில் நிற்கும் முதியவருக்கு முன்னே வழிவிடுதல், குழந்தையைத் தவறவிட்டுக் கலங்கும் தாயோடு சிறிது நேரம் நின்று தேடுதல், தண்ணீர்ப்பந்தலில் பானகமும் நீர்மோரும் வழங்கும் தொண்டர்களுக்குக் கைகொடுத்தல், பிரசாதம் பெற்ற இடத்தையும் திருக்குளத்துப் படிகளையும் தூய்மையாக வைத்தல், வழியறியாத வெளியூராருக்கு வழி காட்டுதல் ஆகிய யாவும் பொருட்செலவு இல்லாத கைங்கர்யங்கள். ஒரு கணம் முன்னதாக ஸேவிக்க வேண்டும் என்று கிழவி ஒருத்தியை இடித்துத் தள்ளி முன்னேறியவன், பெருமாள் திருமுகத்தைக் கண்டிருக்கலாம். பெருமாளுடைய திருவுள்ளத்தைக் கண்டானா என்பது ஐயமே.

வீதிப் புறப்பாட்டில் எல்லாரும் பெருமாளை ஸேவிக்கின்றனர். அவ்வேளையில் ஸேவிக்க இயலாதவர்கள் சிலர் உண்டு. அவர்களே ஸ்ரீபாதம் தாங்குவோர். தண்டைத் தோளில் தாங்கித் தலை குனிந்து நடக்கும் அவர்களுக்குத் தெரிவது முன்னே செல்பவருடைய முதுகும் காலடி மண்ணுமே. திருத்தேர் ஓடும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை இடுபவருடைய கண்ணும் சக்கரத்திலேயே இருக்கிறது. அண்ணாந்து பார்க்க அவருக்கு நேரமில்லை. ஆயிரக்கணக்கானோர் கண்ணாரக் காண்பதற்காக இவர்கள் தங்கள் கண்களை வேறிடத்தில் வைத்திருக்கின்றனர். ஆயினும் புறப்பாடு முடிந்து பெருமாளை ஆஸ்தானத்தில் எழுந்தருளப் பண்ணியபின், வியர்வை வழிய நிற்கும் அவர்களுடைய முகத்தில் காணும் நிறைவு வேறு எவர் முகத்திலும் எளிதில் காணக்கிடைப்பதில்லை. கண்ணிழந்தும் அழகனைப் பாடிய கூரத்தாழ்வானுடைய ஆனந்தத்தின் ஒரு திவலை அது.

உத்ஸவம் முடிந்து இல்லம் திரும்பும் அன்பர்கள், தீர்த்தமும் திருத்துழாயும் பெற்றுச் செல்வது போல் இந்நினைவையும் பெற்றுச் செல்வார்களாக. ஸந்நிதியில் தங்கள் விண்ணப்பத்தைச் செய்தபின், அருகில் நிற்கும் முன்பின் அறியாத ஒருவருடைய விண்ணப்பமும் நிறைவேற வேண்டும் என்று ஒரு கணம் வேண்டிக் கொள்வார்களாக. இயலுமாயின், தங்களுக்குத் தீங்கு செய்தவர் ஒருவரையும் அந்த வேண்டுதலில் சேர்த்துக் கொள்வார்களாக. அந்த ஒரு கணத்தில் பக்தியும், பரோபகாரமும், ஸுகமும் ஒன்றாகி விடும்.

பேரருளாளன் பெருந்தேவித் தாயாருடன் அனைவருக்கும் மங்களங்களை அருள்வானாக. கூரத்தாழ்வான் திருவடிகளே சரணம்.